க்ரீமி டியூனா பாஸ்தா சாலட்: வறளாமல், தண்ணீர் விடாமல் செய்ய முழுமையான வழிகாட்டி

டியூனா (சூரை மீன்) பாஸ்தா சாலட்டை வீட்டில் முதல்முறை செய்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். கலக்கும்போது க்ரீமியாக இருந்தது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வறண்டு கட்டியாகிவிட்டது என்பார்கள். அல்லது கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தண்ணீர் தேங்கிவிட்டது என்பார்கள். இரண்டுமே ஈரத்தின் கோளாறுதான். வெந்த பாஸ்தா, மயோனைஸும் தயிரும் கலந்த டிரெஸ்ஸிங்கை மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளரி, டியூனா, தயிர் மூன்றும் அதே நேரத்தில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். யாரிடமிருந்து தண்ணீரை முன்பே எடுக்க வேண்டும், யாருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இந்த சாலட் கைவந்துவிடும். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

## 1. அளவு

இந்த அளவு, இதையே முழு உணவாகச் சாப்பிட்டால் நான்கு பேருக்கு வரும். பக்க உணவாக வைத்தால் ஆறு பேருக்குப் போதும்.

- சிறிய வடிவ பாஸ்தா (எல்போ மக்ரோனி, ஃபுசில்லி அல்லது ஷெல்): 250 கிராம்
- டின் டியூனா: வடித்த பிறகு சுமார் 250 கிராம் (பெரும்பாலும் இரண்டு டின்)
- மயோனைஸ்: 150 கிராம்
- கெட்டித் தயிர்: 120 கிராம் (துணியில் கட்டி வடித்தால் 60, 70 கிராம் நிற்கும்)
- எலுமிச்சைச் சாறு: 1½ டேபிள்ஸ்பூன்
- மஸ்டர்ட் சாஸ்: 1 டீஸ்பூன்
- வெள்ளரிக்காய்: 150 கிராம்
- குடைமிளகாய்: பாதி
- பெரிய வெங்காயம்: சிறியதாக 1
- ஸ்வீட் கார்ன்: ஒரு கைப்பிடி
- வினிகரில் ஊறிய கெர்கின் (குட்டி வெள்ளரி): 4, அதன் ஊறல் நீர் 1 டேபிள்ஸ்பூன்
- முட்டை: 2 (விருப்பம் இருந்தால்)
- மல்லித்தழை அல்லது டில் தழை: பொடியாக நறுக்கி 2 டேபிள்ஸ்பூன்
- மிளகுத்தூள்: ½ டீஸ்பூன்
- உப்பு, கடைசியில் தளர்த்துவதற்குக் கொஞ்சம் பால்

பாத்திரங்களில் மூன்று அவசியம்: குறைந்தது நான்கு லிட்டர் பிடிக்கும் பாத்திரம், அகலமான வடிதட்டு, பெரிய கலக்கும் கிண்ணம். கிண்ணம் சிறியதாக இருந்தால் கலக்கும்போது அழுத்தித் திருப்ப வேண்டிவரும். அந்த அழுத்தத்திலேயே டியூனா தூளாகிவிடும்.

## 2. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

டியூனா டின். கடையில் டின்களைத் தூக்கிப் பார்த்து எடையை ஒப்பிடாதீர்கள். லேபிளில் இரண்டு எடைகள் இருக்கும்: மொத்த எடை, வடித்த எடை. இரண்டாவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மீன். ஒரே அளவு டின்னாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். மேலே 250 கிராம் என்று சொன்னது வடித்த எடையை.

சாலிட், சங்க்ஸ், ஃப்ளேக்ஸ் என்று மூன்று வகை வரும். சாலிட் என்றால் பெரிய துண்டு, சங்க்ஸ் என்றால் நடுத்தரத் துண்டுகள், ஃப்ளேக்ஸ் என்றால் உதிரி. ஃப்ளேக்ஸ் விலை குறைவு. ஆனால் மயோனைஸில் விழுந்ததும் கரைந்து போய், சாலட்டில் மீன் இருப்பதே நாக்குக்குத் தெரியாது. சாண்ட்விச்சுக்கு அது பரவாயில்லை. இங்கே சங்க்ஸ் அல்லது சாலிட் வாங்குங்கள்.

உப்புநீர், வெறும் தண்ணீர், எண்ணெய் என மூன்று ஊறல்களில் கிடைக்கும். எண்ணெயில் ஊறியது மென்மையாக, சுவையாக இருக்கும்; அதை எடுத்தால் மயோனைஸில் இரண்டு டேபிள்ஸ்பூன் குறையுங்கள். உப்புநீரில் ஊறியது என்றால் டிரெஸ்ஸிங்கில் உப்பே போடாமல் தொடங்குங்கள்.

உப்பியிருக்கும் டின்னை வாங்கவே கூடாது. வீட்டில் இருப்பு வைத்த டின் உப்பியிருந்தால், திறந்து முகர்ந்து பார்க்காமல் அப்படியே எறியுங்கள். கெட்டுப்போன டின் உணவில் உருவாகும் கொடிய பொட்டுலிசம் நச்சுக்கு வாசனை இருக்க வேண்டும் என்பதில்லை. மூடி இணையும் விளிம்பில் நசுங்கல் இருந்தாலோ, துரு ஆழமாகப் பிடித்திருந்தாலோ அதுவும் வேண்டாம்.

கர்ப்பிணிகள் சாப்பிடுவதாக இருந்தால் ஸ்கிப்ஜாக் எனப்படும் சிறிய சூரை இனத்து டின்னை எடுங்கள். லேபிளில் ‘லைட் டியூனா’ என்றும் இருக்கும். அல்பகோர் வகையில் பாதரசம் இதைவிடக் கூடுதல்.

பாஸ்தா. துரும் கோதுமை ரவையில் செய்தது என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும். மைதா கலந்த மலிவான மக்ரோனி வெந்த பத்தாவது நிமிடத்தில் குழையத் தொடங்கும். ஊறிக்கொண்டே இருக்கும் ஒரு சாலட்டுக்கு அது ஆகாது. வடிவத்தைப் பொறுத்தவரை, குழியோ சுருளோ இருந்தால்தான் டிரெஸ்ஸிங் உள்ளே தங்கும். ஸ்பகெட்டி போன்ற நீளப் பாஸ்தா குளிர்ந்ததும் பின்னிக்கொண்டு கட்டியாகும்.

மயோனைஸ். நல்ல நிலையில் உள்ள பாட்டில் மயோனைஸே போதும். வீட்டில் பச்சை முட்டையை அடித்துச் செய்வதை இந்த சாலட்டுக்குத் தவிர்த்துவிடுங்கள். இது மணிக்கணக்கில் ஊறவைத்து, மறுநாளும் சாப்பிடும் உணவு. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அவ்வளவு நேரமும் அது பெருக வாய்ப்புதான். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

முட்டையில்லா மயோனைஸ் பலவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும். பாட்டிலைத் திறந்து ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். இனித்தால் எலுமிச்சையை அரை டேபிள்ஸ்பூன் கூட்டிக்கொள்ளலாம்.

## 3. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

பலர் பாஸ்தாவை வேகப்போட்டுவிட்டு, அது வேகும் பத்து நிமிடத்தில் மற்றதையெல்லாம் நறுக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. பாஸ்தா வெந்து காத்திருக்கும், வெள்ளரி தண்ணீர் விட்டிருக்காது, தயிர் வடிந்திருக்காது. தண்ணீர் எடுக்க வேண்டிய மூன்று வேலைகள் முதலில் நடக்க வேண்டும்.

தயிர். மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே கிண்ணம் வைத்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வெயில் காலத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் புளிப்பு ஏறிவிடும். வடியாத தயிரைச் சேர்த்தால் அதன் நீர் உப்பும் புளிப்பும் பட்டுப் பிரிந்து அடியில் தேங்கும். வெள்ளைத் தண்ணீரின் முதல் காரணம் இதுதான்.

வெள்ளரி. நீளவாக்கில் பிளந்து, நடுவில் உள்ள விதைப் பகுதியை டீஸ்பூனால் சுரண்டி எடுங்கள். தோலோடு பட்டாணி அளவுக்கு நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் வந்திருக்கும். பிழியாமல் விட்டிருந்தால் அவ்வளவும் சாலட்டுக்குள் இறங்கியிருக்கும். பிழிந்த துண்டு வாயில் கறுக்கென்று கடிபடும், மறுநாளும் அப்படியே இருக்கும்.

வெங்காயம். மிகப் பொடியாக நறுக்கி, குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். பச்சை வெங்காயத்தின் காரம் ஃப்ரிட்ஜில் குறையாது; மயோனைஸில் ஊறி ஊறி அடுத்த நாள் சாலட் முழுக்க அதன் வாடைதான் நிற்கும். தண்ணீரில் போட்டால் அந்தக் காரம் கரைந்து போய்விடும்.

குடைமிளகாய், கெர்கின், தழை மூன்றையும் பொடியாக நறுக்கித் தனித்தனியே வையுங்கள். முட்டை சேர்ப்பதாக இருந்தால் தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் போட்டு உரித்துவிடுங்கள்.

தக்காளி வேண்டாம். எவ்வளவு விதை நீக்கினாலும் அது தண்ணீர் விடும். கண்டிப்பாக வேண்டுமென்றால் பரிமாறும் தட்டில் மேலே வையுங்கள்.

## 4. பாஸ்தாவை வேகவைத்தல்

இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் பாஸ்தா விடும் மாவுச்சத்து அதிலேயே அடர்ந்து, வழவழப்பாகி, ஒன்றோடொன்று ஒட்டும். தளதளவென்று கொதி வந்ததும் சுமார் 20 கிராம் உப்பு, அதாவது குவிக்காத டீஸ்பூனால் மூன்றரை, சேருங்கள். கல்லுப்பு என்றால் ஸ்பூனை நம்பாமல் எடை போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்தாவுக்குள் உப்பு ஏறுவது இந்த ஒரு சமயத்தில்தான். இங்கே விட்டுவிட்டால், பின்னால் டிரெஸ்ஸிங்கில் எவ்வளவு போட்டாலும் வெளியே கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும்.

பாஸ்தாவைப் போட்டதும் முதல் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். மேற்பரப்பு பசையாக இருக்கும் நேரம் அதுதான். பிறகு அவ்வப்போது கிளறினால் போதும். தண்ணீரில் எண்ணெய் விட வேண்டாம். அது மேலே மிதக்குமே தவிர ஒட்டுவதைத் தடுக்காது. வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, டிரெஸ்ஸிங் பிடிக்காமல் வழுக்கிவிடும்.

இப்போது முக்கியமான இடம். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை நடுவில் சற்றுக் கடிபடும்படி, அல் டென்டே பதத்தில் எடுக்கச் சொல்வார்கள். குளிர்ந்த சாலட்டுக்கு அந்தப் பதம் சரிப்படாது. வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜ் குளிரில் இன்னும் வேகமாக இறுகும். பழைய சாதத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் பருக்கை விறைப்பதும் இதனால்தான். அடுப்பில் அல் டென்டேயாக இருந்த பாஸ்தா இரண்டு மணி நேரம் கழித்து ரப்பராகக் கடிபடும். பாக்கெட்டில் 9 நிமிடம் என்று போட்டிருந்தால் 10½ முதல் 11 நிமிடம் வரை வேகவிடுங்கள். எந்த பாக்கெட்டாக இருந்தாலும் ஒன்றரை, இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சூட்டில் கடித்துப் பார்த்தால் இந்தப் பதம் ஏமாற்றும். ஒரு பாஸ்தாவை எடுத்து ஐஸ் தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, பிறகு கடியுங்கள். பாதியில் வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. பல் எளிதாக இறங்க வேண்டும், ஆனால் வடிவம் உடையக் கூடாது. குளிர்ந்த நிலையில் அப்படி இருந்தால் அதுவே சரி.

ஸ்வீட் கார்னைக் கடைசி மூன்று நிமிடத்தில் இதே பாத்திரத்தில் போட்டுவிட்டால் தனியாக வேகவைக்க வேண்டியதில்லை. பச்சைப் பட்டாணி சேர்த்தாலும் இப்படியே.

## 5. ஆறவைத்தல், உலர்த்துதல்

சூடான பாஸ்தா உணவுகளில் கழுவக் கூடாது என்பார்கள். அது சாஸ் ஒட்டுவதற்காகச் சொல்வது. இங்கே கழுவியே ஆக வேண்டும். பாஸ்தா மேலும் வேகாமல் நிற்கும் என்பது ஒன்று. மேலே படிந்த பசையைக் கழுவாவிட்டால் குளிர்ந்ததும் அது மயோனைஸோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொன்று.

கழுவும் தண்ணீர் குடிக்கும் தண்ணீராக இருக்கட்டும். இதற்குப் பிறகு பாஸ்தா அடுப்பைப் பார்க்கப் போவதில்லை. மேலும் ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீர்தான்; அதில் பாஸ்தா ஆறாது, தொடர்ந்து வேகும். ஒன்றரை லிட்டர் குடிநீரில் ஒரு தட்டு ஐஸ் கட்டியைப் போட்டு முன்பே தயாராக வைத்திருங்கள். பாஸ்தாவை வடித்து, உடனே அதில் கொட்டி, கையால் அளைந்து, ஒரு நிமிடத்தில் மறுபடி வடித்துவிடுங்கள். அதிலேயே ஊறவிட்டால் தண்ணீர் குடித்து உப்பும்.

அடுத்தது உலர்த்துதல். எல்போ, ஷெல் வடிவங்களின் குழிக்குள் தண்ணீர் நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. வடிதட்டை நன்றாகக் குலுக்குங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, ஆனால் காய்ந்து தோல் கட்டவும் கூடாது. இந்தப் பத்து நிமிடத்தில் டியூனா வேலையை முடித்துவிடலாம்.

## 6. டியூனாவை வடித்தல்

டின்னைத் திறந்து, வெட்டிய மூடியை உள்ளே அழுத்திப் பிடித்துச் சாய்த்தால் முதல் நீர் போய்விடும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். சல்லடையில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வரும். கையில் உருட்டிப் பிழிய வேண்டாம். நார் நாராகி உலர்ந்துவிடும்.

இப்போது மீனை இரண்டாகப் பிரியுங்கள். மூன்றில் ஒரு பங்கை முள்கரண்டியால் நன்றாக மசித்து, அரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் பிசறி வையுங்கள். இது டிரெஸ்ஸிங்குக்குள் போகும். மீதி இரண்டு பங்கு, பெரிய துண்டுகளாகவே கடைசியில் சேரும். மசித்த பங்கு ஒவ்வொரு பாஸ்தாவிலும் மீன் சுவையை ஏற்றும், முழுத் துண்டுகள் கடிக்கக் கிடைக்கும். எல்லாவற்றையும் துண்டாகவே போட்டால் பாஸ்தா தனி, மீன் தனி என்று நிற்கும். மீன் வாடை பிடிக்காதவர்களுக்கும் எலுமிச்சை முதலில் மீனில் படுவதுதான் நல்லது.

## 7. டிரெஸ்ஸிங்

வடித்த தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, மயோனைஸ், மஸ்டர்ட், மீதி ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கெர்கின் ஊறல் நீர், மிளகுத்தூள் சேர்த்துக் கலக்குங்கள். மசித்த டியூனாவை இதில் போட்டு மறுபடி அடியுங்கள். வீட்டுத் தயிர் ஏற்கெனவே புளித்திருந்தால் எலுமிச்சையைப் பாதியாக்குங்கள்.

முழுக்க மயோனைஸில் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் குளிர்ந்த பிறகு நாக்கில் எண்ணெய்ப் படலம் கட்டும். தயிர் அதை வெட்டும். முழுக்கத் தயிரில் செய்தால் புளிப்பு மேலோங்கி, மறுநாள் நீர் பிரியும். அதனால்தான் ஏறத்தாழ இரண்டு பங்கு மயோனைஸுக்கு ஒரு பங்கு வடித்த தயிர் என்ற கணக்கு.

ருசி பார்க்கும்போது தனியாகச் சாப்பிட்டால் உப்பும் புளிப்பும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். இத்தனை பாஸ்தாவுக்கு அது பரவ வேண்டும், குளிரும் சுவையை மங்கவைக்கும். உப்பு குறைந்தால் கால் டீஸ்பூன் மட்டும் சேருங்கள். பாஸ்தா, டியூனா, கெர்கின், வெள்ளரி எல்லாவற்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

பதம் நீர்த்த தோசை மாவு போல இருக்கட்டும், கரண்டியிலிருந்து சுலபமாக வழிய வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் பால் விடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். ‘இவ்வளவு இளகலாக இருக்கிறதே’ என்று இன்னும் மயோனைஸ் போட்டுக் கெட்டியாக்குவார்கள். பாஸ்தா குடிக்கப்போகும் பங்கும் இதற்குள்தான் இருக்க வேண்டும். கலக்கும்போதே சரியாகத் தெரிகிற சாலட், பரிமாறும்போது வறண்டுதான் இருக்கும்.

கலந்ததில் கால் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதை மறக்கவே வேண்டாம். கடைசித் திருத்தம் முழுக்க அதை நம்பித்தான்.

## 8. கலக்கும் வரிசை

பாஸ்தாவைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கைக்குச் சூடு தெரியவே கூடாது. மயோனைஸ் என்பது எண்ணெய்த் துளிகளை நீரில் பிடித்து நிறுத்தி வைத்த கலவை. சூடு பட்டால் அந்தப் பிடி விட்டு எண்ணெய் பிரியும், பாஸ்தா பளபளவென்று எண்ணெயில் மின்னும். அதற்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

1. பெரிய கிண்ணத்தில் பாஸ்தா, கார்ன். மேலே முக்கால் பங்கு டிரெஸ்ஸிங். அடியிலிருந்து தூக்கிப் புரட்டி, எல்லாக் குழியிலும் ஏறும்படி கலக்குங்கள். உடையக்கூடிய எதுவும் இன்னும் சேரவில்லை, தாராளமாகப் புரட்டலாம்.
2. வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயம், கெர்கின். வெள்ளரியைப் போடும் முன் இன்னொரு முறை பிழிந்துவிடுங்கள்.
3. டியூனா துண்டுகளும் தழையும். இனி கரண்டியால் நான்கைந்து முறை மட்டும் புரட்டுங்கள்.
4. முட்டை இருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசி. மஞ்சள் கரு கரைந்தால் நிறமும் பதமும் மாறும்.

காரம் வேண்டுமென்றால் விதை நீக்கிய பச்சைமிளகாய் ஒன்றைப் பொடியாக நறுக்கி இரண்டாவது கட்டத்தில் சேர்க்கலாம், நன்றாகவே சேரும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் டிரெஸ்ஸிங்கைப் பிரித்துவிடும்.

## 9. குளிரவைத்தல், கடைசித் திருத்தம்

மூடி போட்ட டப்பாவில் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடாமல் வைத்தால் மேற்பரப்பு காய்வதோடு, மீன் வாடை பாலுக்கும் வெண்ணெய்க்கும் ஏறும்.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன் எடுங்கள். எடுத்து வைத்த கால் பங்கு டிரெஸ்ஸிங்கில் ஒரு டேபிள்ஸ்பூன் பால் கலந்து சாலட்டில் சேர்த்து மெதுவாகப் புரட்டுங்கள். இப்போது மறுபடி ருசி பாருங்கள். கலக்கும்போது சரியாகத் தெரிந்த உப்பு குளிர்ந்ததும் குறைவாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் நாலைந்து சொட்டு எலுமிச்சையும் கேட்கும். இதற்காகவே உப்பை முதலில் அடக்கி வைத்தோம்.

## 10. தவறிப்போனால்

மறுநாள் வறண்டிருந்தால்: 300 கிராம் சாலட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸும் ஒரு டேபிள்ஸ்பூன் பாலும் கலந்து சேருங்கள். வெறும் தண்ணீர் விட்டால் பதம் வரும், சுவை போய்விடும்.

அடியில் தண்ணீர் நின்றால்: கிளறாதீர்கள். டப்பாவைச் சாய்த்து நீரை வடித்துவிடுங்கள். அதோடு உப்பும் புளிப்பும் போயிருக்கும், இரண்டையும் மறுபடி சரிபாருங்கள். வேகவைத்த மஞ்சள் கரு ஒன்றை மசித்துச் சேர்த்தால் கெட்டிப்படும்.

உப்பு கரித்தால்: உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைத் துண்டுகளாகச் சேருங்கள், அல்லது உப்பில்லாமல் இன்னும் 50 கிராம் பாஸ்தா வேகவைத்துக் கலக்குங்கள். சர்க்கரை போட்டுச் சமாளிக்க முயன்றால் இரண்டும் கெடும்.

பாஸ்தா குழைந்துவிட்டால்: திருத்த முடியாது. ஒன்றாக மசித்து, பிரெட்டில் வைத்து சாண்ட்விச்சாக்கிவிடுங்கள். அதற்கு அது நன்றாகவே இருக்கும்.

டிரெஸ்ஸிங் பாஸ்தாவில் சேரும் முன்பே பிரிந்துவிட்டால்: காப்பாற்றலாம். வேறு கிண்ணத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் புது மயோனைஸை எடுத்து, பிரிந்ததை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். மொத்தமாக ஊற்றினால் மறுபடி பிரியும்.

## 11. டின்னுக்குப் பதில் புதுச் சூரை

தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் நல்ல சூரை மீன் கிடைப்பவர்கள் டின்னைத் தேட வேண்டியதில்லை. முள், தோல் நீக்கிய 400 கிராம் மீனை ஒரு அங்குலக் கனத்தில் துண்டு போடுங்கள். பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஓடும் சதையை வெட்டி எடுத்துவிடுங்கள். வாடை அதிலிருந்துதான் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு, பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து மீனைப் போடுங்கள். பத்து நிமிடம் தளும்பாமல் வேகட்டும். நடுவில் பிரித்துப் பார்த்தால் பச்சைச் சிவப்பு தெரியக் கூடாது. அந்த நீரிலேயே கால் மணி நேரம் ஆறவிட்டு எடுத்தால் சதை உலராது. பிறகு உதிர்த்து, டின் மீனைப் போலவே இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

மீன் மிகப் புதிதாக இருக்க வேண்டும், வாங்கியது முதல் ஐஸிலேயே இருக்க வேண்டும். சூரை வெப்பத்தில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். ஒருமுறை உருவானால் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, நாக்கு எரிந்து, தலை வலிக்கும். வெந்த மீன் நாக்கில் மிளகுபோல் சுருக்கென்றால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். திறந்த டின் டியூனாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மீந்ததை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

## 12. வைப்பதும் கொண்டுபோவதும்

ஃப்ரிட்ஜில் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மூன்று நாள் வைக்கலாம். ருசி உச்சத்தில் இருப்பது முதல் நாள்தான். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உருகும்போது மயோனைஸும் தயிரும் பிரிந்து, வெள்ளரி தொளதொளத்துவிடும்.

வெளியே வைக்கும் நேரம் மொத்தமாக இரண்டு மணி. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். நம் ஊர்க் கோடையில் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். விருந்தில் வைப்பதாக இருந்தால் பெரிய தட்டில் ஐஸ் பரப்பி, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பாதி பாதியாக வெளியே கொண்டுவாருங்கள்.

காலை எட்டு மணிக்குக் கட்டி மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் பள்ளி டிஃபன் டப்பாவுக்கு இது, ஐஸ் பேக் வைத்த காப்புப் பை இல்லாமல், வேண்டவே வேண்டாம். பை இருந்தால் சாலட்டை முந்தைய இரவே செய்து நன்றாகக் குளிரவைத்து, காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு டப்பாவில் போடுங்கள். டப்பாவையும் இரவே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் குளிர் இன்னும் நேரம் தாங்கும். எடுத்து வைத்த கால் பங்கு டிரெஸ்ஸிங்கை அப்போதே கலந்துவிடலாம். பள்ளியில் பிள்ளைக்கு அது ஒரு வேலை மிச்சம்.